நாட்டுப் பாட்டுப் படம்

எனக்குப் பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். சொன்னால் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். நான் பார்க்கிங்கில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். பார்க்கிங் என்றால் கார் நிறுத்துகிற இடமல்ல, கிழக்கு லண்டனில் எங்கள் சனம் பெருகிக்கொண்டு வருகிற ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறேன். தவக்காலத்தில் சிலுவைப்பாதை வாசிப்பதற்கு என் குரல்தான் தோதானது என்று சாமியாரே சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருத்திக்கு, அமெரிக்காவின் ஏதோ பட்டிக்காட்டில் இரவல் கமராவால் எடுத்த பேய்ப் படங்களில் பைத்தியம் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்?

அதுவும் வெறும் பேய்ப் படமில்லை. தொப்பி போட்ட பாட்டுக்காரன் செத்துப்போவான், பிறகு கிதாரும் கையுமாகக் கல்லறையை உடைத்துக்கொண்டு எழும்புவான், ஊரைப் பயமுறுத்துவான், இடையிடையே கன்ட்ரி பாட்டுப் பாடுவான். பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும், சிரிக்கவும் வேண்டும், பாட்டையும் கேட்க வேண்டும். இப்படி ஒரு வகைப் படம் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. அப்டன் பார்க்கில் பழைய சாமான் விற்கிற ஒரு சரிட்டிக் கடையில் தொப்பியும் கிதாரும் போட்ட அட்டையைக் கண்டு, பாட்டுக் கச்சேரி என்று நினைத்து வாங்கினேன். இலங்கையில் பிறந்தவர்களுக்குக் கன்ட்ரி பாட்டு என்றால் ஒரு கிறுக்கு. எந்தக் கல்யாண வீட்டிலும் இரண்டாவது கிளாசுக்குப் பிறகு ஒரு சித்தப்பா எழும்பி ரயிலையும் தாயையும் பற்றி ஆங்கிலத்தில் உருகத் தொடங்குவார். அந்தக் கிறுக்கோடுதான் படத்தைப் போட்டேன். முதல் பாட்டு முடியுமுன் சவப்பெட்டி திறந்துவிட்டது.

இந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. கல்லறைகள் எல்லாம் ரெஜிபோம், டிவிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த வெள்ளைப் பலகை. காற்றடித்தால் மயானமே ஆடும். இரத்தம் தக்காளிச் சோஸ். பேயின் உடுப்பில் பின்பக்கம் இழுத்துப் பூட்டுகிற சிப் தெரியும். மதுக்கடையில் இருக்கிற கூட்டம் மூன்று பேர்தான், அவர்களே தொப்பியை மாற்றி மாற்றி வருவார்கள். ஆனால் பாட்டு வந்தால் மட்டும் ஒருவரும் பகிடி விடமாட்டார்கள். பாடுகிறவனுக்கு நடிக்கத் தெரியாது. வாரநாளில் எங்கோ எஞ்சின் திருத்துகிறவனாக இருப்பான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகப் பாடுவான். அந்தப் பாட்டுகளில் ஏற்கெனவே தாய் செத்திருப்பாள், மனைவி போயிருப்பாள், நாயும் செத்திருக்கும். அதற்குப் பிறகு பேய் வராவிட்டால்தான் அதிசயம்.

உள்ளதைச் சொன்னால் நான் பார்த்தது சிரிப்பதற்காகத்தான். புதன்கிழமை எனக்கு லீவு, கணவர் வேலைக்குப் போய்விடுவார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெங்காயம் உரித்தபடி, அவர்கள் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பேன். அதில் ஒரு குரூரமான சந்தோசம் இருந்தது. எங்கள் கோயிலில் தவக்காலத்தில் போடுகிற இயேசுவின் பாடுகளின் காட்சியிலும் கல்லறைக் கல் ரெஜிபோம்தான். ஒருமுறை அது போர்ச்சேவகனின் காலில் பட்டுத் துள்ளி ஓடியது. அவன் காலில் ரெயினர்ஸ் சப்பாத்து வேறு. ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் கண்கலங்கிக்கொண்டுதான் நின்றேன். இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மகன் இந்தப் படங்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றித் தந்தான். தரும்போது, "அம்மா, சீரியஸ்லி?" என்று ஒரு பார்வை பார்த்தான். பெற்ற பிள்ளையே அப்படிப் பார்த்தால் பாட்டுப் பழக வீட்டுக்கு வருகிற கோயில் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அதனால் பென்டிரைவில் ஒரு துண்டு ஒட்டி 'நாட்டுப் பாட்டு' என்று எழுதி வைத்தேன். கன்ட்ரி என்றால் நாடு, மியூசிக் என்றால் பாட்டு. பொய்யில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கூடப்பிறந்தவர் அல்ல, எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர், கீபோர்ட் வாசிப்பவர். நான் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தன்னுடைய கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர். அன்றிலிருந்து எனக்கு அக்கா. அவருடைய கணவர் குழுவின் கடைசி வரிசையில் நின்று பாடுவார். பாடுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் அடியில் எங்களோடு இருப்பார், இரண்டாம் அடியில் சுருதி இறங்கத் தொடங்கும், பல்லவிக்குத் திரும்பி வரும்போது தனியாக வேறெங்கோ நிற்பார். குரல் மட்டும் வெண்கலம், எங்கள் எல்லோரையும் அமுக்கிவிடும். அக்கா கீபோர்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ, சத்தம் வேண்டாம்."

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அடுத்த பாட்டில் மறுபடியும் இறங்குவார்.

போன இலையுதிர்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த ஞாயிறே அக்கா கீபோர்டில் வந்து உட்கார்ந்தார். குழு இப்போது சுருதி பிசகாமல் பாடியது. அது எங்கள் எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை நான் குசினியில் படம் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கையில் யன்னலில் யாரோ தட்டினார்கள். அக்கா. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் நேரே குசினிக்குள் வந்துவிட்டார்.

"என்னடி, விசர் பிடிச்ச மாதிரித் தனியச் சிரிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு படம் பாத்தனான்."

"என்ன படம்?"

அந்த நேரம் திரையில் ஒருவனின் தலை சூப் பானைக்குள் கிடந்தது. கணினியைச் சடாரென்று மூடினேன். வாயில் வந்தது பென்டிரைவில் எழுதியிருந்ததுதான்.

"நாட்டுப் பாட்டுப் படம் அக்கா."

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். செத்தவீட்டுக்குப் பிறகு நான் கண்ட முதல் மலர்ச்சி அது. "எங்கட நாட்டுப் பாட்டோ? இவருக்கு எவ்வளவு விருப்பம் தெரியுமே! கொண்டு வாவன், கோயில் மூத்தோர் சந்திப்பிலை போடுவம். உதுகளும் எத்தினை நாளைக்குத்தான் பிங்கோ விளையாடுறது?"

இங்கே எங்கள் வாயில் நாடு என்றால் ஒரேயொரு நாடுதான். வேறு நாடுகளும் உலகத்தில் உண்டு, அவற்றுக்கும் பாட்டு உண்டு என்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஓமென்று தலையாட்டினேன். மூத்தோர் சந்திப்பை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் அவருடைய அறிவிப்பு வந்துவிட்டது: வரும் சனிக்கிழமை, எம் மண்ணின் நாட்டுப் பாடல் திரைப்படம், தேநீர் வழங்கப்படும்.

சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். இணையத்தில் தேடி, வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டும் வயலில் அரிவி வெட்டுப் பாட்டும் வருகிற பழைய நிகழ்ச்சி ஒன்றை இறக்கி, புதிய பென்டிரைவில் ஏற்றினேன். சனிக்கிழமை மதியம் வரை எனக்கு வேலை. மேசையில் பென்டிரைவ் இருக்கிறது, மண்டபத்தில் கொடுத்துவிடுங்கோ என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். மேசையில் இரண்டு கிடந்தன. அந்த மனிதர் என்ன செய்வார்? எது நாட்டுப் பாட்டு என்று என் கையெழுத்தே சொல்லிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து மண்டபத்து வாசலுக்கு வந்தபோது உள்ளே கிதார் கேட்டது. எந்தப் பாட்டு என்று முதல் மீட்டலிலேயே தெரிந்துவிட்டது.

விளக்கை அணைத்திருந்தார்கள். மடியில் பேப்பர் தட்டும் ரோல்ஸுமாக எங்கள் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மயானம் ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் ரிமோட்டின் எல்லாப் பொத்தான்களையும் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு ஐயா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "நாடு எண்டு சொன்னவை சரி. எந்த நாடெண்டு சொல்லேல்லையே?"

என்னிடமிருந்த படங்களிலேயே நான் அதிகம் பார்த்ததும் அதிகம் சிரித்ததும் அந்தப் படம்தான். கதை இதுதான். ஒரு மதுக்கடையில் பாடுகிறவன், பிறவியிலேயே சுருதி இல்லாதவன், தன்னைப் போல் பாடகன் இல்லை என்று நம்புகிறவன். செத்த பிறகும் ஒவ்வொரு நாளும் பொழுதுபட வந்து மேடையில் ஏறிப் பாடுவான். சிரித்தவர்களைக் கிதார் நரம்பால் கழுத்தை நெரிப்பான். ஊரே ஓடும். கடையின் சமையல்காரியான அவனுடைய மனைவி மட்டும் பயப்பட மாட்டாள். பிழையாகப் பாடாதே என்று கத்திக்கொண்டு பொரிக்கிற தாச்சியால் எறிவாள். பாடி முடிந்து அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறக்கமாட்டாள்.

நான் உள்ளே நுழைந்த நேரம் திரையில் அந்தக் காட்சி. பேய் கண்ணை மூடிக்கொண்டு சுருதி இறங்கப் பாடுகிறது, மனைவி தாச்சியை எறிகிறாள், தாச்சி நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. இருட்டிலும் தலைகள் ஒவ்வொன்றாக முன்வரிசைப் பக்கம் திரும்புவது தெரிந்தது. முன்வரிசையில் அக்கா இருந்தார். வெள்ளைச் சேலை, மடியில் கைப்பை. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். கதிரைகளுக்கு நடுவால் நடந்து, என் தோளை உரசிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். வாத்தியார் என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பிள்ளை, புருசனைப் பறிகுடுத்த மனுசிக்கு முன்னாலை இப்பிடியும் ஒரு பகிடியே?"

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரைப் பிடித்து ஏசினேன். அவர் பாவம், பென்டிரைவைக் காட்டி, "நீர் தானே எழுதி ஒட்டி வைச்சனீர்?" என்று மட்டும் கேட்டார். அதற்கும் ஏசினேன்.

அதற்குப் பிறகு எங்கள் கோயில் பக்கம் நான் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று குழுவுக்கு எழுதிவிட்டு, அப்டன் பார்க்கில் யாரும் என்னை அறியாத ஒரு கோயிலில் கடைசி வாங்கில் ஒளிந்திருந்து பூசை கண்டேன். பேருந்தில் எங்கள் ஆட்களைக் கண்டால் அடுத்த தரிப்பிலேயே இறங்கினேன். என்னைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று எனக்குள்ளேயே கதைத்துப் பார்த்தேன். ஒரு வீட்டின் துக்கத்தை வைத்துப் பகிடி பண்ணினவள், வெளியில் செபமாலை, உள்ளே பேய்ப் படம். அக்காவுக்குத் தகவல் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். ஒன்றும் அனுப்பவில்லை.

ஒரு நாள் காலை வரவேற்பு மேசையில் தலையை நிமிர்த்தினால், கன்னம் வீங்கி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அவருக்கும் அங்கேதான் பல் பார்ப்பது. நான் செய்த காரியத்தை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கையிலிருந்த பேனையை வேண்டுமென்றே கீழே போட்டு, மேசைக்கடியில் குனிந்து, அங்கேயே இருந்துவிட்டேன். இந்த வயதில்.

மேலிருந்து குரல் வந்தது. "பேனை கிடைச்சிட்டுதோ?"

எழும்பினேன். "அக்கா" என்றேன்.

அவர் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, மேசையில் சாய்ந்து, இரகசியம் போலக் கேட்டார்.

"கடைசியிலை அவர் வீட்டுக்குள்ளை போனவரோ?"

"ஆர் அக்கா?"

"அந்தத் தொப்பிக்காரர். நான் இடையிலை எழும்பிப் போயிட்டனெல்லே. அவ அவரை உள்ளுக்கு விட்டவவோ இல்லையோ?"

காத்திருந்த நோயாளிகள் எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் கண் முட்டிவிட்டது. "அக்கா, அது பிழையான படம். சத்தியமா வேணுமெண்டு செய்யேல்லை. உங்களுக்குக் கோவமெண்டு..."

"கோவமோ? எனக்கு அழுகை வந்திட்டுதடி. ரோல்ஸ் சாப்பிடுற சனத்துக்கு முன்னாலை இருந்து அழ ஏலுமே? அதுதான் போனனான். பிறகு நீ வருவாய், மிச்சக் கதையைச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். உன்னைக் காணேல்லை."

அப்போதுதான் எனக்கு உண்மையான வெட்கம் வந்தது. அதுவரை பட்டதெல்லாம் என் மானத்தைப் பற்றிய கவலை. என்னைப் பற்றி யார் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தேனே தவிர, அந்த மனுசி தனி வீட்டில் என்ன செய்கிறார், சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டைக் கழற்றித் தந்தவர் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் மேசைக்கடியில் ஒளிந்திருந்தேன்.

அடுத்த புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். பல் பிடுங்கிய வாய், ஆறவைத்த தேத்தண்ணியை மெல்ல உறிஞ்சினார். முதலிலிருந்து போடு என்றார். ஹெட்போன் இல்லாமல், சோபாவில் இருந்து, பெரிய டிவியில், நான் அந்தப் படத்தை இன்னொரு ஆளோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. அக்கா சிரிக்கவில்லை. சூப் பானைக்குள் தலை விழுந்தபோது "அடக் கடவுளே" என்றார். கல்லறை ஆடியபோது முன்னால் சாய்ந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கூத்தை இவர் நம்பிப் பார்க்கிறாரே என்று கூச்சமாகவும், நான் ஏதோ ஏமாற்றுகிற மாதிரியும் இருந்தது. பேய் முதுகைக் காட்டித் திரும்பிய இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பின்னாலை பாருங்கோ அக்கா, சிப் தெரியுது."

"ஓம், அண்டைக்கே கண்டனான்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னார். "தெரிஞ்சா என்ன? வந்தவர் தானே."

எத்தனை தடவை அந்தச் சிப்பைக் கண்டு சிரித்திருப்பேன். அவன் வந்ததை ஒரு தடவையாவது பார்த்தேனா?

கடைசிக் காட்சியில் விடிகிற நேரம் அவன் வீட்டு வாசலுக்கு வருவான். மனைவி கையைக் கட்டிக்கொண்டு குறுக்கே நிற்பாள். சப்பாத்தைக் கழற்று, கூட்டின வீடு, என்பாள். அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றுவான், சப்பாத்தோடு காலும் கழன்று வரும். நான் வயிறு நோகச் சிரிக்கிற இடம் அது. அக்கா "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினார். மனைவி வழி விட்டாள். அவன் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி உள்ளே போனான், கதவு சாத்திக்கொண்டது.

"உள்ளுக்குப் போயிட்டார்," என்றார் அக்கா. கப்பைக் கீழே வைத்தார். பிறகு, தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் தா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"அந்தப் பிழையாப் பாடுற இடத்தை ஒருக்காத் திருப்பிப் போடுறியே?"

போட்டேன். பேய் கண்ணை மூடிக்கொண்டு பாடியது. இரண்டாம் அடியில் சுருதி இறங்கியது. மனைவி தாச்சியைத் தூக்குமுன் அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்பவும் போடு என்றார். திரும்பவும் போட்டேன். மூன்றாம் முறை பாட்டு ஓடும்போது அவருடைய விரல்கள் மடியில், கீபோர்டில் தேடுவது போல, கீழ்ப்பக்கமாக நகர்ந்தன.

"எங்கட இவர்," என்றார், "இதிலையும் இன்னும் கொஞ்சம் கீழை போவார்."